மிளகுக்கு வரி போட முடியலைன்னா அரசாங்கம் என்ன செய்யும்?



கொல்லிமலை, ஏற்காடு பக்கம் நம்மைப் போன்ற எத்தனையோ பெண்கள் மிளகுக் கொடி வைத்திருக்கிறார்கள். "மிளகு 500 ரூபாய்க்குக் குறையக் கூடாதுன்னு சர்க்கார் சொல்லியிருக்காமே, அப்புறம் வியாபாரி ஏன் குறைச்சுக் கேக்குறாரு?" இந்தக் கேள்விக்குப் பதில் தெரியணும்னா, கொஞ்சம் பின்னாலிருந்து வரணும்.

வரி எதற்கு?

வெளிநாட்டுச் சரக்கு நம் துறைமுகத்தில் இறங்கும்போது வாங்குவது இறக்குமதி வரி. மிளகுக்குப் பொதுவான வரி 70 சதவீதம். அதாவது 100 ரூபாய் மிளகு உள்ளே வரும்போது 170 ரூபாய் ஆகிவிடும். நம்ம ஊர் மிளகு அதோடு போட்டி போட முடியும்.

ஒப்பந்தம் வந்ததும் என்ன ஆச்சு?

இந்தியாவும் இலங்கையும் 1998-ல் தடையற்ற வணிக ஒப்பந்தம் போட்டன. 2000 மார்ச் முதல் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கை மிளகுக்கு வரிச் சலுகை கிடைத்தது. உலகத்திலேயே அதிகமாக மிளகு விளைவிப்பது வியட்நாம். அந்த மிளகும் இலங்கை மிளகு என்ற பேரில் உள்ளே வருகிறது என்று நம் விவசாயிகள் புகார் சொன்னார்கள். 2017-ல் உள்ளூர் விலை சரிந்தது.

"சரி, வரியைக் கூட்ட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். முடியாது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் வரி எவ்வளவு என்று எழுத்தில் இருக்கிறது. கூட்டினால் மறுநாளே எதிர்த் தரப்பு கண்டுபிடித்துவிடும்.

அப்போதுதான் வரி இல்லாத தடை வருகிறது

2017 டிசம்பரில் மத்திய அரசு, மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை கிலோ 500 ரூபாய் என்று அறிவித்தது. வரியைத் தொடவில்லை. ஆனால் மலிவு மிளகு வரும் வழியை அடைத்தது. வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டு, படியை உயர்த்திக் கட்டின மாதிரி!

இதுபோல வேறு வழிகளும் உண்டு. இந்தத் துறைமுகத்தில் மட்டும்தான் இறக்கலாம், இவ்வளவு டன்தான் வரலாம், உரிமம் வேண்டும், இந்தப் பரிசோதனை வேண்டும் என்பார்கள்.

அரசாங்கங்கள் இதை ஏன் விரும்புகின்றன?

1. வரி ஒரே எண், எல்லோருக்கும் தெரியும். விதிமுறை அப்படியில்லை. "மக்கள் உடல்நலத்துக்காக" என்று காரணம் சொல்ல முடியும்.

2. இப்படிப்பட்ட தடைகளை உலக வர்த்தக அமைப்பின் விதிகள் பொதுவாக ஏற்பதில்லை. ஆனாலும் வழக்குப் போட்டு முடிவு வர வருஷக்கணக்காகும்.

3. விலை விழுந்தால் விளைவிக்கிறவர்கள் சங்கமாகச் சேர்ந்து குரல் கொடுப்பார்கள். வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு ஏறுவது கொஞ்சம்தான், அவர்கள் கேட்பதில்லை.

இதில் நஷ்டமும் உண்டு. வரி என்றால் பணம் கஜானாவுக்கு வரும். இந்தத் தடையில் அரசுக்கு ஒன்றும் வராது. குறைந்த விலைக்கு வாங்கிவிட்டு பில்லில் மட்டும் 500 ரூபாய் போடுகிறார்கள் என்ற புகாரும் எழுந்தது.

எல்லாத் தடையும் சாக்குப்போக்கா?

இல்லை. 2014 மே மாதம் ஐரோப்பிய நாடுகள் நம் மாம்பழத்தையும் பாகற்காய், புடலங்காய் உள்ளிட்ட சில காய்களையும் நிறுத்தின. பழ ஈ இருந்தது நிஜம். நம்மவர்கள் பரிசோதனையைச் சரிசெய்த பிறகு 2015-ல் மாம்பழத் தடை நீங்கியது. அறிவியல் ஆதாரம் இருக்கிறதா, தன் நாட்டுச் சரக்குக்கும் அதே விதியா என்று பார்த்தால் நிஜமான காரணம் எது, சாக்கு எது என்று ஓரளவு புரியும்.

நமக்கு என்ன பாடம்?

அந்த 500 ரூபாய் கப்பலில் வரும் மிளகுக்கு மட்டும்தான். நெல்லுக்குச் சொல்கிற ஆதரவு விலை மாதிரி, நமக்குக் கொடுத்தே தீரணும் என்ற விலை அல்ல அது. அறிவிப்புக்குப் பிறகும் உள்ளூர் விலை சில வருஷம் 500-க்குக் கீழேதான் இருந்தது. ஆகவே, "500 கட்டாயம் கிடைக்கும்" என்று நம்பி குழுக் கடனை வாங்கிவிட்டு, தவணை கட்ட முடியாமல் தவிக்காதீர்கள். அன்றைய சந்தை விலையை இரண்டு மூன்று இடத்தில் விசாரித்துவிட்டு, நன்றாகக் காயவைத்துத் தூசி நீக்கி, குழுவாகச் சேர்த்து விற்போம். சில்லறையாக விற்பதைவிட மொத்தமாக விற்கும்போது விலை பேசும் பலம் நம் பக்கம் இருக்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு விவாதியுங்கள்!