ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம்: அமெரிக்கப் பள்ளி கேட்பது என்ன?

பிள்ளை நியூ ஜெர்சியிலோ டெக்சஸிலோ பிறந்து வளர்ந்தது. வீட்டில் தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லும். அது ஒன்பதாம் வகுப்பில் தன் முதல் ஆங்கிலக் கட்டுரைக்கு 'சி' வாங்கி வந்தால் பெற்றோருக்கு ஒன்றும் புரிவதில்லை. இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழை இல்லை, கதையையும் விடாமல் எழுதியிருக்கிறது. பிறகு ஏன் குறைத்தார்கள்?

கதையை எழுதியதற்காகத்தான் குறைத்தார்கள். வகுப்பு கேட்டது கதையை அல்ல. கதையைப் பற்றி ஒரு கருத்தும், அதற்குச் சான்றும்.

அங்கே ஹைஸ்கூல் என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான நான்கு வகுப்புகள். முதல் ஆண்டு மாணவர்களுக்கு வயது 14 அல்லது 15. பெரும்பாலான மாநிலங்களில் பள்ளிப் படிப்பை முடிக்க நான்கு ஆண்டும் ஆங்கிலம் படித்தாக வேண்டும். கணக்கிலோ அறிவியலிலோ கிடைக்கும் விட்டுப்பிடித்தல் இதில் கிடையாது. பேசத் தெரிந்த மொழிக்கு ஏன் நான்கு ஆண்டு என்று கேட்பவர்கள், அந்தப் பாடத்தை மொழிப்பாடம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். நடப்பது வாசிப்பும் வாதமும்.

நாடு முழுவதற்கும் ஒரே பாடநூல் அங்கே கிடையாது. 2010-ல் வெளியான 'காமன் கோர்' என்ற பொதுத் தர வரையறையைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றன. டெக்சஸ் ஏற்காமல் தன் வரையறையையே வைத்துக்கொண்டது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் காமன் கோர் சொல்வதன் சாரம் இதுதான்: படித்ததிலிருந்து வலுவான, முழுமையான சான்று காட்டத் தெரிய வேண்டும், வாதக் கட்டுரை, விளக்கக் கட்டுரை, கதை என்று மூன்று வகையிலும் எழுதப் பழக வேண்டும். எந்தப் புத்தகத்தை வைத்து இதைக் கற்றுத்தருவது என்பதை மாவட்டமும் பள்ளியும் ஆசிரியரும் முடிவு செய்துகொள்வார்கள்.

ஆனாலும் சில புத்தகங்கள் திரும்பத் திரும்ப வரும். ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ அண்ட் ஜூலியட்', ஹோமரின் 'ஒடிசி'யிலிருந்து சில பகுதிகள், ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960), ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' (1937), சாண்ட்ரா சிஸ்னெரோஸின் 'தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்' (1984) ஆகியவை அவற்றில் சில. கதைகளோடு உரைகளும் கடிதங்களும் உண்டு. லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையையும், மார்ட்டின் லூதர் கிங் 1963-ல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தையும் காமன் கோர் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒரு புத்தகம் தங்கள் பிள்ளைக்கு ஒவ்வாது என்று பெற்றோர் கருதினால், வேறொன்றைத் தரும்படி கேட்கும் வழி பல மாவட்டங்களில் உண்டு. கேட்பதற்கு முன் அந்தப் புத்தகத்தை நாமே ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

சான்று என்று எதைச் சொல்கிறார்கள்? ரோமியோ ஜூலியட்டையே எடுத்துக்கொள்வோம். இருவரின் சாவுக்கும் யார் பொறுப்பு என்று ஒரு கேள்வி. இந்த நாடகத்தைப் படிக்கும் பல வகுப்புகளில் ஏதாவது ஒரு வடிவில் இது வந்துவிடும். 'சி' வாங்கும் கட்டுரை, இரண்டு குடும்பங்களுக்கும் பகை, இருவரும் விருந்தில் சந்தித்தார்கள், ரகசியமாக மணந்தார்கள், கடைசியில் இறந்தார்கள் என்று போகும். சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் ஆசிரியருக்கும் கதை தெரியுமே!

'ஏ' வாங்கும் கட்டுரை முதல் பத்தியிலேயே ஒரு நிலையை எடுத்துவிடும். பாதிரியார் லாரன்ஸ்தான் முதல் பொறுப்பாளி என்று வைத்துக்கொள்வோம். இதை மறுக்க ஆள் இருக்கிறது. அதனால்தான் இது வாதமாகிறது. 'பகை கெட்டது' என்பதை மறுக்க யாருமில்லை. எனவே அது வாதமே இல்லை. அடுத்து சான்று. நிதானமாகப் போ, வேகமாக ஓடுகிறவன்தான் இடறி விழுவான் என்று இரண்டாம் அங்கத்தில் ரோமியோவுக்குப் புத்தி சொல்கிறார் பாதிரியார். அன்றைக்கே அவர்தான் திருமணத்தையும் நடத்திவைக்கிறார். இந்த முரணைக் காட்டி, மூல வரியை மேற்கோளாகத் தந்து, அங்கம், காட்சி, வரி எண்களைக் குறித்துவிட்டு, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று இரண்டு மூன்று வாக்கியம் தன் சொல்லில் எழுத வேண்டும். மேற்கோள் ஒரு பங்கு, விளக்கம் இரண்டு பங்கு. பெரும்பாலான பிள்ளைகள் மேற்கோளை வைத்துவிட்டு விளக்கத்தை மறந்துவிடுவார்கள். மதிப்பெண் அங்கேதான் போகிறது.

கெட்டிக்கார மாணவர் இன்னும் ஒருபடி மேலே போவார். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தானே கேட்டுக்கொள்வார். பாதிரியார் ரோமியோவுக்கு அனுப்பிய கடிதம் போய்ச் சேராததற்குக் காரணம் கொள்ளைநோய்ப் பயம். கடிதத்தோடு போன துறவியை ஒரு வீட்டில் அடைத்து வைத்துவிட்டார்கள். இது பாதிரியாரின் குற்றமா, விதியா? இதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கட்டுரையை முடிப்பவருக்கு, அவர் முடிவோடு ஆசிரியர் ஒத்துப்போகாவிட்டாலும், முழு மதிப்பெண் கிடைக்கும். ஆசிரியரின் கருத்தை அப்படியே திருப்பி எழுதுவதால் தனியாக லாபம் எதுவுமில்லை. நோட்ஸ் பார்த்து வளர்ந்த நம் தலைமுறைக்கு இதை நம்புவதே கஷ்டம்.

கட்டுரையின் வடிவம் ஐந்து பத்தி: முன்னுரையில் மையக் கருத்து, மூன்று பத்திகளில் சான்று, பிறகு முடிவுரை. இதை எழுத்துக்கலையின் உச்சம் என்று யாரும் சொல்வதில்லை. சில ஆசிரியர்களுக்கே இதன்மீது சலிப்பு உண்டு. என்னைக் கேட்டால், முதல் ஆண்டில் படர்வதற்கு ஒரு கொழுகொம்பு வேண்டும். அதற்கு இது போதும். தாளின் தோற்றத்துக்கு 'எம்.எல்.ஏ.' எனப்படும் கட்டுரை வடிவமைப்பு முறை: ஓர் அங்குல ஓரம், இரட்டை வரி இடைவெளி, கடைசியில் மேற்கோள் நூல்களின் பட்டியல். இதில் சிந்திக்க ஒன்றுமில்லை, ஒருமுறை பார்த்துச் செய்தால் போதும்.

எழுத்துக்கு நிகராகப் பேச்சையும் மதிக்கிறார்கள். 'சாக்ரடிக் செமினார்' என்ற நாளில் மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து புத்தகத்தைப் பற்றித் தங்களுக்குள் விவாதிப்பார்கள். ஆசிரியர் வாய் திறக்காமல் குறிப்பெடுப்பார். பெரியவர்கள் எதிரில் அடக்கமாக இருக்கப் பழகிய பிள்ளைக்கு அன்று சிரமம்தான். புத்தகத்தில் கோடிட்டு வைத்த ஒரு வரியோடும் ஒரு கேள்வியோடும் போனால் பேச இடம் தானாகக் கிடைத்துவிடும்.

நமக்குக் கோனார் உரை மாதிரி அங்கே 'கிளிஃப்ஸ்நோட்ஸ்'. கிளிஃப்டன் ஹில்லகாஸ் என்பவர் 1958-ல் நெப்ராஸ்காவில் ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்கான உரைகளோடு தொடங்கியது அது. படித்துப் புரிந்துகொள்ள உதவும். எடுத்து எழுதினால் களவு என்றே கருதப்படும், பூஜ்யம் விழும், பெற்றோருக்கும் அழைப்பு வரும். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபிறகு, பல ஆசிரியர்கள் கட்டுரையை வகுப்பிலேயே கையால் எழுதச் சொல்கிறார்கள். அல்லது முதல் வரைவு, இரண்டாம் வரைவு என்று படிப்படியாக வாங்கிக்கொள்கிறார்கள்.

மதிப்பெண் கணக்கில் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆண்டுக் கடைசித் தேர்வில் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளலாம் என்ற நம் நினைப்பு அங்கே செல்லாது. வாரந்தோறும் கொடுக்கும் வேலையெல்லாம் சராசரியில் சேரும். ஒரே எடையுள்ள ஐந்து வேலைகளில் 90 வாங்கி, ஆறாவதைக் கொடுக்க மறந்தால், பூஜ்யமும் சேர்ந்து சராசரி 75 ஆகிவிடும். 'ஏ' இருந்த இடத்தில் 'சி'. அறிவில் குறையில்லாத பிள்ளைகள் பலர் இப்படித்தான் சறுக்குகிறார்கள். டெக்சஸில் இதற்கு மேல், இந்தப் பாடம் முடிந்ததும் 'ஸ்டார்' என்ற மாநிலத் தேர்வும் இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் கல்லூரிக்குப் போகுமா என்று கேட்பார்கள். போகும், நான்காண்டுச் சான்றிதழின் முதல் வரிசை அதுதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தன் சராசரிக் கணக்கில் ஒன்பதாம் வகுப்பைச் சேர்ப்பதில்லை. ஆனால் அங்கேயும் நான்காண்டு ஆங்கிலம் கட்டாயம், ஒன்பதாம் வகுப்பிலும் 'சி'க்குக் குறையக் கூடாது.

முதல் வாரத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு பாடத்திட்டத் தாள் வரும். எதற்கு எவ்வளவு எடை, தாமதமாகக் கொடுத்தால் எவ்வளவு குறையும், குறைந்த மதிப்பெண் வாங்கிய கட்டுரையைத் திருத்தி மறுபடி தரலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும். திருத்தித் தர அனுமதி இருந்தால் அதற்குக் கெடுவும் இருக்கும். அதைக் கேட்டு ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டியது அப்பாவோ அம்மாவோ அல்ல, மாணவர்தான். ஹைஸ்கூலில் அவர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான்.