தத்தியைக் கொல்லும் பச்சைப் பங்கசு

தர்மபுரம் பகுதிக் கமக்காரர்களே! காலபோக நெல்லின் அடித்தூரில் பச்சைத்தூள் போர்த்து இறந்துகிடக்கும் கபிலநிறத் தத்தியைக் கண்டால், பயிருக்கு நோய் வந்ததென அஞ்சவேண்டாம். அது மெற்றாறைசியம் என்னும் பங்கசின் செயலாகலாம். 1879இல் உருசிய அறிஞர் மெச்சினிக்கோவ் தானிய வண்டின் புழுக்களை அழிக்க இதனையே சோதித்தார்.

இதன் வித்திகள் பூச்சியின் தோலில் ஒட்டி முளைத்து, உடலைத் துளைத்து உட்செல்கின்றன. பூச்சி மடியச் சில நாட்கள் செல்லும். மறுநாளே பயன் காணோமென்று கடும் பூச்சிநாசினியைத் தெளித்தால், தத்தியை உண்ணும் சிலந்திகளும் அழிந்து தத்தி முன்னிலும் பெருகக்கூடும். இப்பொறுமையின்மையே பெருநட்டம்.

வித்திகள் உயிருள்ளவை, வெயிலும் வறட்சியும் அவற்றுக்குப் பகை. ஆகவே மாலையில், அடித்தூர் நன்கு நனையுமாறு தெளித்தல் வேண்டும். பங்கசுநாசினி தெளித்த பயிரில் உடனே இதனைத் தெளிப்பது வீண்செலவு. கத்தரி, மிளகாய்த் தோட்டங்களுக்கும் இதுவே விதி. பொதிகளை நிழலில் வைத்து, காலாவதித் திகதிக்கு முன்னர் பயன்படுத்துக.