தாலிக்குப் பொன்னா, படிப்புக்குப் பணமா?

ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு உதவ, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் தமிழக அரசு 1989ஆம் ஆண்டு ஒரு நிதித் திட்டத்தைத் தொடங்கியது. 2011இல் தாலிக்குத் தங்கமும் அதனுடன் சேர்ந்தது. 2022இல் அத்திட்டமே உருமாறி உயர்கல்வி உதவியாயிற்று.

அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்த 'புதுமைப் பெண்' திட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்கு உரியது. அவர்கள் கல்லூரியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ சேர்ந்தால், மாதம் ரூ. 1,000 வங்கிக் கணக்கில் செலுத்துவதே அதன் ஏற்பாடு. 2024 டிசம்பரில், அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற மாணவியருக்கும் அது விரிவாயிற்று. நம் கத்தோலிக்கப் பள்ளிகளுள் பல இவ்வகையினவே அன்றோ!

"தாலிப்பொன் போயிற்றே" என வருந்தும் பெற்றோரை நாம் அறிவோம். அன்பர்களே, பொன் மணநாளில் கழுத்தில் ஏறும். கடன் வந்தால் அடகுக் கடைக்கு இறங்கும். கற்ற கல்வியை எவரும் அடகு கேளார். தேர்வுக் கட்டணத்திற்கும் நூல்களுக்கும் வழியின்றிச் சிற்றூர்ப் பெண்ணின் படிப்பு பாதியில் நிற்பதை நாம் காண்கிறோம். அக்குறையைத் தீர்க்கவே இவ்வுதவி. ஆகவே அதை வீட்டுச் செலவில் கரைத்துவிடாதீர்கள். அது மகளின் படிப்புக்கு உரியது.