தொட்டிக்குள் இறங்காமல் இருக்கவும் பயிற்சி வேண்டும்

கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி இருவர் பலி, மூவர் பலி என்ற செய்திகளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் இறங்கியவர் மயங்கி விழுந்தார், அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் மயங்கினார் என்பதுதான் அது. கூட வந்தவன் உள்ளே கிடக்கும்போது மேலே நிற்க யாருக்கும் மனம் வராது. அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் பயிற்சி தேவை.

பயிற்சி நடக்காமல் இல்லை. மத்திய அரசின் 'நமஸ்தே' திட்டத்தில் பாதுகாப்புக் கவசங்கள், காப்பீடு ஆகியவற்றுடன் தொழில் பாதுகாப்புப் பயிற்சியும் சேர்ந்தே இருக்கிறது. அந்தத் திட்டத்தில் பதிவான தொழிலாளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பட்டியல் சாதியினர். யாருடைய உயிருக்கான பாடம் இது என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் பாடம் எப்படி இருக்கிறது? மண்டபத்தில் உட்கார வைத்து, ஆங்கிலம் கலந்த வாசகங்களைத் திரையில் காட்டி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அனுப்புவது ஒரு வகை. அதே வாசகங்களை செல்போனில் ஏற்றி 'ஆன்லைன் பயிற்சி' என்று பெயர் வைப்பது இன்னொரு வகை. 'அடுத்து' என்ற பொத்தானைத் தட்டிக்கொண்டே போனால் சான்றிதழ் வந்துவிடும். ஆபத்து நேரத்தில் அந்தச் சான்றிதழ் கைகொடுக்காது.

செல்போன் பாடத்தையே உருப்படியாகச் செய்ய முடியும். மூன்று நிமிடம் போதும். எழுத்து வேண்டாம், குரல் போதும். அந்தக் குரலும் நம் ஊர்ப் பேச்சில் இருக்கட்டும். வீட்டுக்காரர் சொல்கிறார்: "குழாய் அடைச்சிருக்குப்பா, ஒருத்தர் இறங்கி எடுத்தா போதும். ஐந்நூறு சேர்த்துத் தர்றேன்." மேஸ்திரியும், "டக்குனு இறங்கி ஏறிடு" என்கிறார். இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று பாடம் அங்கே நின்று கேட்க வேண்டும். தொழிலாளி ஒரு விடையைத் தொட்டதும் அதன் விளைவைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அடுத்த கேள்வி: மூடியைத் திறந்தபோது அடித்த அழுகிய முட்டை நாற்றம் சற்று நேரத்தில் நின்றுவிட்டது. வாயு போய்விட்டதா? போகவில்லை. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கின் உணர்வே மரத்துவிடும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழைய வழக்கமும் ஆபத்துதான், உள்ளே மீத்தேன் இருந்தால் தீப்பற்றும். அனுபவசாலிகளே தவறும் இடங்கள் இவை. கடைசிக் கேள்வி, உள்ளே விழுந்த கூட்டாளியைப் பற்றியது. இறங்காமல் 101, 108 எண்களை அழைத்து, மற்றவர்களையும் தடுத்து நிறுத்துவதே சரியான விடை. இதைப் பத்து முறையாவது செய்து பழகியிருந்தால்தான் பதற்றத்திலும் கை அந்தப் பக்கம் போகும்.

பாடத்தை எழுதும் முன் தொழிலாளர்களோடு நான்கு நாள் வண்டியில் போய் வர வேண்டும். படிக்கும் நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. இவை செலவு என்று யாராவது சொன்னால், 2023-ல் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியதை நினைவூட்டலாம்.

எனக்குள்ள பெரிய குறை வேறு. பாடம் எப்போதும் கீழே நிற்பவனுக்கே நடக்கிறது. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படியானால் முதல் மாணவராக உட்கார வேண்டியவர் ஒப்பந்ததாரர். அவருக்குப் பின்னால் பொறியாளர், வீட்டுக்காரர். "இறங்க மாட்டேன்" என்று சொன்னவனுக்கு மறுநாளும் வேலை தரத் தெரிகிறதா என்பதே அவர்களுக்கான தேர்வு.

இத்தகைய பாடங்களை வடிவமைப்பது இன்று தனி வேலை. நிறுவனங்கள் இதற்கென்றே ஆள் எடுக்கின்றன. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்கலாம். மூடில், எச்ஃபைவ்பி போன்ற மென்பொருள்கள் இலவசம். கேள்விக்கு ஏற்பக் கதை கிளை பிரியும் பாடங்களை எச்ஃபைவ்பியில் நீங்களே செய்து பார்க்கலாம். மேஸ்திரி எந்தக் குரலில் அதட்டுவார், அப்பா எந்த இடத்தில் தயங்குவார் என்பதை அந்த வீட்டுப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் பாடத்தைச் செய்து முடித்ததும் அப்பாவிடம் போனைக் கொடுத்து, எங்கே விரல் நிற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.