குடிநீரில் ஃபுளோரைடு: கால்கரி மக்கள் அளித்த தீர்ப்பு

2021 அக்டோபர் 18. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலுள்ள கால்கரி நகரில் உள்ளாட்சித் தேர்தல். மேயரையும் மன்ற உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்க வாக்குச்சாவடிக்கு வந்தவர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது. நகரின் குடிநீரில் மீண்டும் ஃபுளோரைடு சேர்க்க உங்களுக்குச் சம்மதமா? ஆம், இல்லை என இரண்டே பதில்கள்.

அன்று ஜோதி கோண்டெக் அந்நகரின் முதல் பெண் மேயராகத் தேர்வானார். குடிநீர்க் கேள்விக்கு வாக்களித்தவர்களில் சுமார் 62 விழுக்காட்டினர் 'ஆம்' என்றார்கள்.

தண்ணீரில் எதைச் சேர்ப்பது என்பதை ஊரே கூடி முடிவு செய்யும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது? குழந்தைகளின் பற்கள் இருக்கின்றன. அங்கே தண்ணீரில் ஃபுளோரைடு குறைவு என்பது கவலை. நம் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அது கூடுதல் என்பது கவலை. எனவே இந்தக் கதை நமக்கும் வேண்டியதுதான்.

பல் எப்படிச் சொத்தையாகிறது?

நம் வாயில் எப்போதும் பாக்டீரியாக்கள் உண்டு. மிட்டாய், பிஸ்கட், இனிப்புப் பால் என எதைச் சாப்பிட்டாலும் அதிலுள்ள சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சான எனாமலிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கிறது. சற்று நேரத்தில் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, போன தாதுக்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. கரைவதும் நிறைவதுமாக இது நாள் முழுவதும் நடக்கிறது. கரைவது மிகுந்தால் பல்லில் குழி விழும். அதைத்தான் சொத்தை என்கிறோம்.

உமிழ்நீரில் சிறிதளவு ஃபுளோரைடு இருந்தால், தாதுக்கள் விரைவாகத் திரும்பி வந்து படிகின்றன. அப்படிப் படியும் எனாமல் முன்பிருந்ததைவிட அமிலத்தைத் தாங்கும். குடிநீர் வழியாக வந்தாலும் பற்பசை வழியாக வந்தாலும் ஃபுளோரைடின் முதன்மையான வேலை பல்லின் மேற்பரப்பில்தான் நடக்கிறது.

கறைபடிந்த பற்கள் சொன்ன சேதி

1901இல் ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கினார். அங்கே பிறந்து வளர்ந்த பலருடைய பற்களில் பழுப்புக் கறை இருந்தது. எப்படித் தேய்த்தாலும் அது போகவில்லை. ஆனால் அந்தக் கறைபட்ட பற்களில் சொத்தை குறைவாக இருந்ததை அவர் கவனித்தார். காரணம் தண்ணீரில் இருக்க வேண்டும் என்று சந்தேகித்துப் பல ஆண்டுகள் தேடினார். 1931இல் எச்.வி. சர்ச்சில் என்ற வேதியியலாளரின் ஆய்வில் விடை கிடைத்தது. அத்தகைய தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தது.

பிறகு டிரெண்ட்லி டீன் என்ற ஆய்வாளர் பல ஊர்த் தண்ணீரையும் அவ்வூர்க் குழந்தைகளின் பற்களையும் ஒப்பிட்டார். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் சொத்தை குறைகிறது, கறையும் பெரிதாகத் தெரிவதில்லை என்று கண்டார். அந்தக் கணக்கை நம்பி 1945 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் குடிநீரில் ஃபுளோரைடைச் சேர்த்தது. உலகிலேயே அதுதான் முதல் நகரம். அதே ஆண்டில் கனடாவின் பிராண்ட்ஃபோர்டும் தொடங்கியது. இன்று கனடாவில் பரிந்துரைக்கப்படும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம்.

நிறுத்திய பிறகு தெரிந்த வேறுபாடு

கால்கரி எளிதில் சம்மதித்த ஊர் இல்லை. 1957, 1961, 1966, 1971 என நான்கு முறை வாக்கெடுப்பு நடந்து, நான்கு முறையும் மக்கள் மறுத்தார்கள். 1989இல் ஏற்றார்கள். 1991இல் ஃபுளோரைடு சேர்ப்பு தொடங்கியது. 1998இல் மீண்டும் கேட்டபோதும் 'தொடரட்டும்' என்றார்கள். 2011இல் செலவும் எதிர்ப்பும் பேசப்பட்டன. மக்களிடம் கேட்காமல் நகர மன்றமே 10க்கு 3 என்ற வாக்குகளில் அதை நிறுத்தியது.

சுமார் 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எட்மண்டன் 1967 முதல் நிறுத்தாமல் ஃபுளோரைடு சேர்த்து வந்தது. ஒரே மாகாணம், ஏறக்குறைய ஒரே அளவு நகரங்கள். ஒன்றில் ஃபுளோரைடு உண்டு, மற்றதில் இல்லை. கால்கரி பல்கலைக்கழகத்தின் லிண்ட்சே மெக்லாரனும் அவருடைய குழுவினரும் இரு நகரங்களிலும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பற்களைப் பரிசோதித்தார்கள். 2018-19இல் கால்கரிப் பிள்ளைகளில் 64.8 விழுக்காட்டினருக்குப் பால்பற்களில் சொத்தை இருந்தது. எட்மண்டனில் அது 55.1 விழுக்காடு.

இந்த எண்களின் பின்னால் இருக்கும் பிள்ளைகளை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு இரண்டாம் வகுப்பில் இருந்தவர்கள் 2011ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். மன்றம் கைதூக்கி முடிவெடுத்தபோது அவர்கள் கைக்குழந்தைகள், அல்லது பிறக்கவே இல்லை. பெரியவர்கள் எடுத்த முடிவு ஏழு ஆண்டுகள் கழித்து அவர்கள் வாயில் தெரிந்தது.

பால்பல் தானே, எப்படியும் விழப்போகிறது என்று நம்மில் பலர் அலட்சியமாக இருக்கிறோம். நான்கு வயதுக் குழந்தைக்கு ஆறேழு பற்கள் சொத்தையானால் சாப்பிட முடியாது, இரவில் தூங்க முடியாது. அந்த வயதில் நாற்காலியில் அசையாமல் உட்காரவும் முடியாது. அதனால் முழு மயக்கம் கொடுத்து அறுவை அரங்கில் பல்லைப் பிடுங்க வேண்டி வருகிறது. பெற்ற மனம் தாங்கக்கூடிய காட்சியா அது?

2021 வாக்கெடுப்பின் தீர்ப்பைப் புதிய மன்றம் ஏற்றது. சுத்திகரிப்பு நிலையங்களில் புதிய கருவிகள் அமைத்து, 2025 ஜூன் 30 அன்று கால்கரி மீண்டும் ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கியது. நிறுத்த ஒரு கூட்டம் போதுமாக இருந்தது. திரும்பத் தொடங்க 14 ஆண்டுகள் ஆயின.

எதிர்ப்பவர்களின் கேள்விகள்

'வேண்டாம்' என்றவர்களின் கேள்விகளையும் மதித்துக் கேட்க வேண்டும். குழாய்த் தண்ணீர் எல்லோருக்கும் பொது. என் சம்மதம் இல்லாமல் எனக்கு எப்படிக் கொடுக்கலாம் என்பது முதல் கேள்வி. 2013இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மக்கள் வாக்கெடுப்பில் ஃபுளோரைடை மறுத்தார்கள். 2025இல் யூட்டா மாநிலம் தடையே விதித்தது.

குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பாதிக்குமா என்பது இரண்டாவது கேள்வி. அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஃபுளோரைடுக்கும் குழந்தைகளின் குறைந்த நுண்ணறிவு மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருப்பதாக நடுத்தர உறுதியுடன் அது கூறியது. 0.7 அளவில் தீங்கு உண்டா என்று சொல்லப் போதிய தரவு இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. முதல் பாதியை மட்டும் பரப்புவது பயத்தைத்தான் வளர்க்கும்.

ஃபுளோரைடு பற்பசை பரவிய பிறகு குடிநீர் வழியான பலன் முன்பைவிடக் குறைந்திருப்பதாக பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2024இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு கூறுகிறது. பலன் குறைந்தாலும், பற்பசை வாங்கவும் பல் மருத்துவரிடம் போகவும் வசதியில்லாத வீட்டுக் குழந்தையையும் குழாய்த் தண்ணீர் எட்டுகிறது. கால்கரி மக்களின் முடிவை நான் மதிப்பது இதனால்தான்.

நம் ஊரில் நிலைமை வேறு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடிப் பாறைகளிலிருந்தே ஃபுளோரைடு நீரில் கரைந்து வருகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் முன்பற்களில் முதலில் சுண்ணாம்பு போன்ற வெண்திட்டுகள், பிறகு மஞ்சள், பழுப்புக் கோடுகள். சிரிக்கும்போது கை தானாக வாயை மூடுகிறது. பல ஆண்டுகள் தொடர்ந்தால் ஃபுளோரைடு எலும்பிலும் சேரும். முதுகும் முழங்காலும் இறுகி, குனியவும் நிமிரவும் முடியாமல் போகும். காவிரி நீரை அந்த ஊர்களுக்குக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே உருவாகி 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது.

இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. வெயில் மிகுந்த ஊரில் நாம் குடிக்கும் தண்ணீரும் மிகுதி என்பதால், அளவு குறைவாக இருந்தாலும் உடலில் சேர்வது கூடும். கனடாவில் சரியான முடிவை அப்படியே எடுத்து நம் ஊரில் பொருத்த முடியாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் அதைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். ஃபுளோரைடுக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

அளவு மிகுதி எனத் தெரிந்தால் குடிக்கவும் சமைக்கவும் வேறு நீரைப் பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. கருவி ஃபுளோரைடின் பெரும்பகுதியை நீக்கும். பால், கேழ்வரகு, கீரை போன்ற கால்சியம் மிகுந்த உணவைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள்.

சாதாரண அளவு உள்ள ஊர்களில் ஃபுளோரைடு பற்பசையால் காலையும் இரவும் பல் துலக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு பசை, மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். பால் புட்டியோடு தூங்க விடாதீர்கள்.

மாதம் ஒருமுறை குழந்தையின் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கமாக இருக்கலாம். அப்போதே பல் மருத்துவரிடம் போனால் குழி விழாமல் காக்க முடியும்.

அந்த ஓர் எண்ணைக் கேளுங்கள்

நம் ஊரில் ஃபுளோரைடுக்கு வாக்கெடுப்பு இல்லை. கிராம சபை இருக்கிறது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் தமிழ்நாட்டில் அது கூடுகிறது. அடுத்த முறை போகும்போது, நம் ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு எத்தனை மில்லிகிராம் என்று எழுந்து கேளுங்கள். கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்றும் கேளுங்கள். வாக்கில்லாத குழந்தைகளுக்காக அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.