சர்வர் இல்லாத ஓட்டலும் சிதம்பர ரகசியமும்

'சர்வர்லெஸ்' என்றதும் கடலூர் பஸ் ஸ்டாண்டு ஓட்டல் ஞாபகம் வந்தால் தப்பில்லை. சர்வர் இல்லாமல் டிபன் எப்படி வரும்? வரும் ஸார். சர்வர் உண்டு; நம் கண்ணில் படமாட்டார், அவ்வளவுதான்.

அமேசான் 2014-ல் 'லாம்டா' என்ற பெயரில் இதை அறிமுகம் செய்தது. புரோகிராமை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். எந்தக் கம்ப்யூட்டர், எத்தனை கம்ப்யூட்டர் என்பதெல்லாம் அவர்கள் கவலை. கூப்பிட்ட தடவைக்கும் ஓடிய நேரத்துக்கும்தான் பில்.

ஆனால் செட்டிங் நம் கவலை. மெமரி எவ்வளவு, எவ்வளவு நேரம் ஓடலாம் (சும்மா விட்டால் 3 செகண்டு, நீட்டினால் 15 நிமிஷம்), எந்த டேட்டாபேஸ், யாருக்கு அனுமதி... பட்டியல் நீளும்.

எனக்குத் தெரிந்த மஞ்சக்குப்பத்துப் பையன் ஒருவன் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். அவனுக்கு முன் இருந்த ஆசாமி எல்லாச் செட்டிங்கையும் மௌஸால் க்ளிக் க்ளிக்கென்று போட்டுவிட்டு ராஜினாமா பண்ணிவிட்டார். 3 செகண்டு ஏன் 30 ஆனது? ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. "டெஸ்ட் பண்ண இதே மாதிரி இன்னொரு செட் வேணும்" என்றார் மேனேஜர். பையன் ஒரு வாரம் திரை திரையாகப் பார்த்துக் காப்பியடித்தான். ஒரே ஒரு செட்டிங் மட்டும் பழைய டேட்டாபேஸையே காட்டிக்கொண்டிருந்தது. டெஸ்டுக்காக அடித்த பொய் ஆர்டர்கள் நிஜக் கணக்கில் ஏறிவிட்டன. "க்ளிக் பண்ணினவர் போயிட்டாருண்ணே, திட்டு எனக்கு" என்றான்.

இதற்கு மருந்து, செட்டிங்கையும் புரோகிராம் மாதிரி ஃபைலில் எழுதி வைப்பது. அமேசானின் 'க்ளவுட்ஃபார்மேஷன்' 2011-லும், 'டெராஃபார்ம்' 2014-லும் வந்தன. டெராஃபார்மில் 'ப்ளான்' என்று அடித்தால், எது மாறப்போகிறது என்பதை மாற்றுவதற்கு முன்பே சொல்லிவிடும். இன்னொரு செட் வேண்டுமா? அதே ஃபைல்; டேட்டாபேஸ் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் முடிந்தது. ஃபைலை 'கிட்'டில் போட்டால் யார், எப்போது, என்ன மாற்றினார் என்ற சரித்திரமும் நிற்கும்.

கடலூரிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் சிதம்பரம். அங்கே இதற்கு இரண்டு பாடம் இருக்கிறது.

முதல் பாடம் கரையான். ராஜராஜன் தேடிப் போனபோது, கோயில் அறையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளில் கரையான் அரித்தது போக மிச்சம்தான் கிடைத்தது என்பது வரலாறாகச் சொல்லி வரும் கதை. எழுதினால் மட்டும் போதாது. ஒரே அறையில் ஒரே பிரதியாகப் பூட்டி வைக்கக் கூடாது.

இரண்டாவது, ரகசியம். திரையை விலக்கினால் தெரிவது வெட்டவெளியும் தங்க வில்வ மாலையும்தான். ஃபைலிலும் அப்படியே. பாஸ்வேர்டு இருக்கவேண்டிய இடத்தில் அதன் பெயர் மட்டும் தொங்கவேண்டும். அசல், 'சீக்ரெட்ஸ் மேனேஜர்' மாதிரியான பெட்டகத்தில். ஓடும்போது புரோகிராமே கேட்டு வாங்கிக்கொள்ளும். பாஸ்வேர்டை ஃபைலில் எழுதிவிட்டு, 'அப்புறம் அழிச்சுக்கலாம்' என்று நினைக்காதீர்கள். கிட்டின் சரித்திரத்தில் அது அப்படியே உட்கார்ந்திருக்கும்! டெராஃபார்ம் தனக்கென்று வைத்துக்கொள்ளும் 'ஸ்டேட்' ஃபைலிலும் ஒட்டிக்கொள்ளலாம். அதையும் பூட்டி வையுங்கள்.

புது வேலையில் சேர்ந்தால் முதல் நாளே கேளுங்கள்: "செட்டிங் எந்த ஃபைல்ல இருக்கு?" "எல்லாம் அவருக்குத்தான் தெரியும், அவர் லீவுல இருக்காரு" என்று பதில் வந்தால், அவர் திரும்பி வந்ததும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிடுங்கள். அடுத்த முறை அவர் போவது லீவில்தான் என்று என்ன நிச்சயம்?