ஓர் அறைக்குச் செய்த வேலை நாற்பது அறைக்கும்

ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஒரே மாதிரி 40 அறைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அறையிலும் ஒரு வெப்பநிலை சென்சார், குளிர்நீர் வால்வைத் திறந்து மூடும் ஒரு கன்ட்ரோலர். நாற்பதையும் தனித்தனியாக வரைந்து, இணைத்து, அளவுகளைத் தட்டச்சு செய்யலாம். எங்கோ ஓர் அறையில் ஓர் எண் மாறிவிட்டால், அந்த அறைக்காரர் புகார் சொல்லும்வரை தெரியாது. ஒருமுறை சரியாக அமைத்த அறையை அச்சாக வைத்துக்கொள்வது இதைத் தவிர்க்கத்தான்.

லான்வொர்க்ஸ் என்ற கட்டுப்பாட்டு நெட்வொர்க்கை உருவாக்கியது அமெரிக்காவின் எஷலான் நிறுவனம். இப்படி அச்சு எடுக்க உதவும் அதன் வடிவமைப்பு மென்பொருளான லான்மேக்கர், மைக்ரோசாஃப்ட் விசியோவின் மேல் இயங்குவது. இதில் வரையும் கோடு வெறும் படம் அல்ல. நெட்வொர்க்கின் தரவுத்தளத்தில் ஓர் இணைப்பாகவே பதிவாகிறது.

இப்படி இணைக்கப்படும் ஃபங்ஷனல் பிளாக் என்பது கருவிக்குள் நடக்கும் ஒரு பணி. அறை வெப்பநிலையை அளப்பது ஒரு பிளாக். வால்வை இயக்குவது இன்னொரு பிளாக். ஒரே கருவியில் பல பிளாக்குகள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் உள்ளே வரும் தகவல், வெளியே போகும் தகவல், நாம் வைக்கும் அமைப்புகள் என மூன்று பகுதிகள். தகவல்களுக்குப் பொது வகைகள் உண்டு. வெப்பநிலைக்கான ஒரு வகை 0.01 டிகிரி செல்சியஸ் நுணுக்கத்தில் எண்ணுகிறது. இரு முனையிலும் வகை ஒத்திருந்தால், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளையும் ஒரே கோட்டால் இணைக்கலாம்.

முதலில் ஓர் அறையை மட்டும் முழுதாக அமைத்து, உண்மையான கருவியில் ஓட்டிப் பாருங்கள். இங்கே அதிகக் கவனம் கேட்பவை நேர அமைப்புகள். சென்சார் அதிகபட்சம் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும், கன்ட்ரோலர் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்ற இரண்டும் ஒத்துப்போக வேண்டும். சென்சார் 60 நொடிக்கு ஒருமுறை அனுப்ப, கன்ட்ரோலர் 45 நொடியே காத்திருந்தால், நல்ல சென்சாரைப் பழுதானதாக அது எடுத்துக்கொள்ளும். அதற்காகச் சென்சாரை நொடிக்கொருமுறை அனுப்ப வைப்பதும் தவறு. வழக்கமான இருகம்பி வழித்தடத்தின் வேகம் நொடிக்கு 78 கிலோபிட்தான். அதை எல்லாக் கருவிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. இவற்றை இங்கேயே சரிசெய்யாவிட்டால், அச்சில் உள்ள பிழை நாற்பது மடங்காகும்.

சரிபார்த்த பிளாக்குகளை இணைப்புகளோடு சேர்த்துத் தேர்ந்தெடுத்து, திருத்துவதற்குத் திறந்த ஸ்டென்சிலுக்குள் (வடிவங்களைச் சேமித்து வைக்கும் தொகுப்பு) கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி இழுத்துவிடுங்கள். அது மாஸ்டர் வடிவமாக, அதாவது நம் அச்சாக, ஆகிவிடும். அடுத்த அறைக்கு அதை வரைபடத்தில் போட்டுப் புதுப் பெயர் கொடுத்தால் போதும். வகை, இணைப்பு, நேர அமைப்பு அச்சோடு வரும். அறையின் பெயரும், கருவிக்கே உரிய 48 பிட் நியூரான் ஐடியும் அறைக்கு அறை மாறும். கருவியில் உள்ள சர்வீஸ் பின்னை அழுத்தினால் அந்த ஐடி மென்பொருளுக்கு வந்து சேரும்.

கருவியைக் கமிஷன் செய்யும்போது, அதாவது நெட்வொர்க்கில் இயக்கத்துக்குக் கொண்டுவரும்போது, அமைப்புகளின் மதிப்பை எங்கிருந்து எடுப்பது என்று லான்மேக்கர் கேட்கும்: கருவியில் ஏற்கெனவே இருப்பதா, உற்பத்தியாளர் தந்ததா, தரவுத்தளத்தில் உள்ளதா? அச்சில் நீங்கள் வைத்த எண்கள் தரவுத்தளத்தில் இருக்கின்றன. அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால், திரையில் படம் சரியாகத் தெரியும். கருவி பழைய எண்ணிலேயே ஓடும்.

பின்னாளில் ஸ்டென்சிலில் உள்ள அச்சைத் திருத்தினாலும், ஏற்கெனவே கருவிகளுக்குள் பதிந்த மதிப்புகள் தாமாக மாறுவதில்லை. அச்சின் பெயரோடு தேதியைச் சேர்த்து வையுங்கள். எந்தெந்த அறையில் எந்தப் பதிப்பு என்ற பட்டியல் இருந்தால், திருத்த வேண்டிய அறைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.